பச்சை அடித்த கதவு

பேருந்து பாலத்தருகே இறக்கிவிட்டது.
ட்ரினா அதே பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல்.
நதியைக் குறை சொல்லி என்ன,
ஆரம்பித்தால் மலைகளையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் சுவர்கள் நான்கும் இருந்தன.
கூரை இல்லை. அடுப்பிருந்த இடத்தில்
ஒரு பிளம் மரம், என்னைவிட உயரமாய்.
ஜன்னல் சட்டம், மின்கம்பி, ஓடு, குழாய்
எல்லாவற்றையும் யாரோ பொறுமையாகக் கழற்றியிருந்தார்கள்.
அந்தப் பொறுமைதான் உறுத்தியது.
தீ வைத்தவன்கூட அவசரத்தில் வைத்தான்.

மூன்றாவது வீட்டில் என் கதவைப் பார்த்தேன்.

நீலமாய் இருந்ததற்குப் பச்சை அடித்திருந்தான் மிலுட்டின்.
ஆனால் பித்தளைப் பிடியில் அதே நசுங்கல்,
ஒரு குளிர்காலம் விறகுச் சுமையோடு
ஹசீப் வந்து மோதியது.
கதவுக்கும் முகம் உண்டு.

பதினாறு வருடம்
ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன்.
ஸ்வீடனில், மீன் பதப்படுத்தும் ஆலையில்,
பனிக்கட்டிக்குள் கைவிட்டபடி
அதைத் தீட்டிக்கொண்டே இருப்பேன்.
மேற்பார்வையாளர் குனில்லா கேட்பாள்,
யாரோடு பேசுகிறாய் ஷெஃபிகா?
ஹெர்ரிங் மீன்களோடு என்பேன்.
பொய்யில்லை. அவற்றின் வாயும்
திறந்தே இருக்கும், ஒன்றும் சொல்லாது.

தட்டினேன்.
என் கதவை நானே
வெளியிலிருந்து தட்டியது அதுவே முதல்முறை.

திறந்தவன் கிழவன்.
நான் வெறுத்துவந்தவனுக்கு ஐம்பது வயது,
அகன்ற தோள், சிரித்தால் தங்கப்பல்.
இவனோ ஸ்வெட்டரை உள்வெளியாய்ப் போட்டிருந்தான்.
என் வெறுப்பில் அவன் ஒருநாள்கூட மூப்படையவில்லை.
மூப்பெல்லாம் எனக்கே வந்திருந்தது.

"காப்பி?" என்றான்.
வேறென்ன சொல்ல முடியும் அவனால்.

தீட்டிய வாக்கியம் நாக்குநுனிவரை வந்தது.
சொல்லியிருந்தால்
அவனுக்குச் சௌகரியமாய்ப் போயிருக்கும்:
பதிலுக்குக் கத்தலாம், கதவைச் சாத்தலாம்,
என் கதவை, என் முகத்தில்.

"இது யார் கதவு, மிலுட்டின்?"

நாய் குரைத்தது. எங்கோ ட்ராக்டர்.
அவன் என் காலணிகளைப் பார்த்தான்.
நான் காத்திருந்தேன். காத்திருக்கத் தெரியும் எனக்கு.
எலும்புகளை அடையாளம் காட்டும் அலுவலகத்தில்
எண் சீட்டோடு உட்கார்ந்து பழகியவள்.

"உன்னுடையது" என்றான்.
பிறகு, "ஹசீபுடையது."
பிறகு, நான் கேட்காமலே, "பையனுடையது."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை.
அந்தத் தாளில் இன்னும் இரண்டு பேர்
கையெழுத்திட வேண்டும்,
அவர்கள் வர மாட்டார்கள்.
வருகிற ஏழாம் தேதி கோர்ட்டில் சாட்சி சொல்வேன் என்றேன்,
நீ செய்ததை மட்டும். ஒரு சொல்லும் கூட்டாமல்.
தலையசைத்தான்.

அப்புறம் கதவின் விளிம்பில் விரலோட்டினேன்.
பெயின்ட்டுக்கு அடியில் இருந்தன
ஹசீப் கத்தியால் கீறிய மூன்று கோடுகள்.
நாலு வயது. ஆறு. ஒன்பது.
அடுத்த கீறலுக்கு எல்வெதின் வந்து நிற்கவில்லை.
கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்தேன்.
கிழவன் முட்டி மடக்கிக் குனிந்து
மறுமுனையைத் தரையோடு பிடித்துக்கொண்டான்,
நான் சொல்லாமலே.
மூன்று இடத்தில் பேனாவால் குறித்தேன்.
கடைசியது நூற்று முப்பத்திநாலு சென்டிமீட்டர்.

கழற்றித் தருகிறேன் என்றான்.
கூரையில்லாத வீட்டுக்குக் கதவு எதற்கு?
கீல் கத்துகிறது, எண்ணெய் விடு
என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பேருந்தில் அந்த வாக்கியத்தைத் தேடினேன்,
பழக்கதோஷம், உதடசைத்து.
பாதிதான் நினைவிருந்தது.
முன்னிருக்கையில் ஒரு சிறுவன்
இறங்குவதற்காக எழுந்து நின்றான்.
கண்ணாலேயே அளந்தேன்.
நூற்று முப்பது இருக்கும்.